தேய்த்தால் வரும் வாசனை

நிப்பில்தான் கோளாறு என்று டாக்டர் அபிநந்தன் முடிவு கட்டி அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் ஏழெட்டுப் பேனா மாற்றியாயிற்று. வாங்கிய புதிதில் எல்லாப் பேனாவும் சமர்த்தாகத்தான் எழுதின. எழுத்து குண்டு குண்டாக விழுந்தது. ஒரு வாரம் போனால் பழைய கதைதான். வரி தொடங்கும்போது கொட்டைப்பாக்கு அளவு இருக்கிற எழுத்து, வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். மருந்துக்கடைக்காரர் போன் போட்டு, "டாக்டர், இனிமே சீட்டோட ஒரு பூதக்கண்ணாடியும் குடுத்து அனுப்புங்க" என்று கிண்டல் செய்தார். அபிநந்தனும் சிரித்துவிட்டு, "நிப்பு ரொம்ப மெலிசுப்பா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் கையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். பேனாப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும் அந்த யோசனை வரவே வராது. நிப்பு, மை, காகிதம், காகிதத்துக்கு அடியில் வைக்கிற அட்டை, அன்றைக்கு அடிக்கிற ஈரக்காற்று என்று எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றுவார்கள், கையை மட்டும் விட்டுவிடுவார்கள். அதிலும் இவர் பல் டாக்டர். திருவண்ணாமலையில் இருபத்தைந்து வருஷமாகக் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அந்தக் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தால் அப்புறம் மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஆனாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். மறுநாள் திங்கட்கிழமை இனியாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். இனியா அவருடைய பள்ளிக்கூட நண்பர் சக்கரபாணியின் ஒரே மகள், பால்பல் விழுந்த நாளிலிருந்து அவரிடம்தான் பல் காட்டுகிறாள். இப்போது கடைசிப் பல் மேலே வராமல் ஈறுக்குள்ளேயே குறுக்கே படுத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடாமல் பண்ணியது. எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். வேரை ஒட்டினாற்போல நரம்பு ஓடுகிறது. கை கொஞ்சம் பிசகினாலும் பெண்ணுக்குக் கீழுதடு ஆயுசுக்கும் மரத்துப்போகலாம்.

"வேலூர்ல பெரிய டாக்டருங்க இருக்காங்களே, அங்க அனுப்பிடுங்களேன்" என்று அபிநந்தனின் மனைவி த்ரிசலா சொல்லிப் பார்த்தாள். "கொஞ்ச நாளா நடக்கும்போது வலது கையை வீசவே மாட்டேங்கறீங்க. கவனிச்சீங்களா?"

"தோள்பட்டை பிடிச்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல" என்று அவர் எரிந்து விழுந்தார். இனியாவும் ஒரே பிடிவாதம். அங்கிளைத் தவிர வேறு யாரும் தன் வாயில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேனாக் கண்காட்சிக்குக் கிளம்பியபோது அவர் மனசில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. விஷயம் தெரிந்தவர் யாராவது அந்த நிப்பைப் பார்த்துவிட்டு, 'ஆமாம் டாக்டர், இதில்தான் கோளாறு' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் கை நல்ல கை. நாளைக்கு நிம்மதியாகக் கத்தியை எடுக்கலாம்.

கண்காட்சி செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பௌர்ணமி இல்லாத ஞாயிறாகப் பார்த்து வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு ரூமும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. பந்தி போடுகிற மேஜைகளில் வெள்ளைத்துணி விரித்துப் பேனாக்களை அடுக்கியிருந்தார்கள். மணமேடையில் மை வியாபாரம். வெள்ளை ஜிப்பா போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் பத்து விரலிலும் பத்து நிறத்தை ஆக்கிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். வேறு நாளாக இருந்தால் அபிநந்தனும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார்.

சக்கரபாணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறவர். மூட்டையைப் பிரிக்கும் முன்பே உள்ளே வேர்க்கடலை மக்கிப் போயிருக்கிறதா என்று மூக்கால் சொல்லிவிடுவார் என்று அந்தப் பக்கம் பெயர். அவரைப் பேனாப் பைத்தியம் ஆக்கியது அபிநந்தன்தான். நாலு பேர் இருந்தால் நண்பரை டாக்டர், நீங்க, வாங்க என்பார். தனியாக இருந்தால் டா.

"இன்னா டாக்டர், மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? பேனா கூட்டத்துல வந்து இப்படி நிக்கற ஆளா நீங்க? வாங்க."

நேராக நிப்பு பார்க்கிற மேஜைக்குப் போனார்கள். பரசுராமன் அங்கே இருந்தார். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. சனி ஞாயிறு ஆனால் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நிப்பு முனையைத் தேய்த்துச் சரிபண்ணிக் கொடுப்பார். அபிநந்தனின் பேனாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், நிப்பு அருமையா இருக்கு. ரெண்டு முனையும் சமமா நிக்குது. மையும் நல்லா இறங்குது." ஒரு வரி எழுதிக் காட்டினார். எழுத்து கொழுகொழு என்று வந்தது.

"நீங்க எழுதினா வருது. நான் எழுதினா போகப்போகச் சின்னதாயிடுதே."

"எழுதுங்க, பாக்கலாம்."

அபிநந்தன் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண் வைத்துத் தன் பெயரையும் கிளினிக் விலாசத்தையும் எழுதினார். நன்றாகவே வந்தது. பரசுராமன் சிரித்தார். "என்னைப் பாத்து பயந்துட்டு ஒழுங்கா எழுதுது பாருங்க. விடுங்க டாக்டர், இதுல தேய்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

சக்கரபாணி ஏதோ கேட்க, அபிநந்தன் பதில் சொல்லிக்கொண்டே அடுத்த வரியை எழுதினார். எழுதி முடித்துக் குனிந்து பார்த்தால், வரியின் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. காகிதத்தைக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். நிப்பு நல்ல நிப்பு என்று கேட்டால் பேனாக்காரனுக்குச் சந்தோஷம் வர வேண்டும். இவருக்கோ பயம்தான் வந்தது. அந்தப் பயம் வெளியே வந்தபோது கோபமாக வந்தது. பாவம், அது போய் விழுந்தது தேவிப்ரியாவின் மேல்.

தேவிப்ரியா ஆரணியிலிருந்து வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். எபோனைட் என்கிற கெட்டி ரப்பர்க் கட்டையைத் தானே கடைந்து பேனா செய்கிறவள். கண்காட்சியில் கடை போடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. மேஜையைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. ஒருவர் பேனாவைத் தேர்ந்தெடுத்துப் பர்ஸையும் வெளியே எடுத்துவிட்டார்.

எபோனைட் அசலா என்று பார்க்கப் பேனாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டைவிரலால் பரபரவென்று தேய்ப்பார்கள். சூடு ஏறியதும் மூக்கில் வைப்பார்கள். அசல் என்றால் ரப்பரும் கந்தகமும் கலந்து, தீக்குச்சி உரசினாற்போல ஒரு நெடி வரும். பிளாஸ்டிக் என்றால் ஒன்றும் வராது. அந்தச் சோதனையை இந்த வட்டாரத்துப் பேனாக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அபிநந்தன்தான். அவர் ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துத் தேய்த்தார். மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பேன்ட்டில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து மறுபடியும் மோந்தார். ஒன்றுமே இல்லை.

"இது எபோனைட்டாம்மா?"

"ஆமா சார். கட்டை வாங்கி நானே கடையறது."

"யாருகிட்டம்மா கதை விடற? இது பிளாஸ்டிக்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "சார், சத்தியமா எபோனைட் சார். நல்லா மோந்து பாருங்க."

"இருபது வருஷமா இதைத்தாம்மா மோந்துட்டு இருக்கேன். டாக்டர், நீங்களும் பாருங்கன்னு நாலு பேரு எங்கிட்டதான் கொண்டாந்து குடுப்பாங்க." குரல் ஏறிவிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் பேனாவைச் சக்கரபாணியிடம் நீட்டினார். "நீயே சொல்லு. உன் மூக்கை விடவா?"

சக்கரபாணி தேய்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார். ஒரு நொடி டாக்டரை ஏறிட்டுப் பார்த்தார். "டாக்டர் சொன்னா சொன்னதுதான். வாசனையே இல்ல" என்றார்.

இன்னொருவர் வேறொரு பேனாவைத் தேய்த்துவிட்டு, "லேசா வர்ற மாதிரி இருக்கே" என்று இழுத்தார். "அது உங்க கைவாசனைங்க" என்று சக்கரபாணி அவர் வாயை அடைத்துவிட்டார். பர்ஸை எடுத்தவர் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அபிநந்தன் அத்தோடு விடவில்லை. பேனாவைப் படம் எடுத்துப் பேனா நண்பர்களின் வாட்ஸப் குழுவில், 'ஜாக்கிரதை. இது எபோனைட் இல்லை' என்று போட்டார். போட்டதும் நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. நிப்பு மேஜையில் விட்டதை இங்கே பிடித்துவிட்டது போல இருந்தது.

இருவரும் வெளியே வந்து எதிர்ப்பக்கம் டீ குடித்தார்கள். அபிநந்தன் உற்சாகமாகிவிட்டார். "என் மூக்கு சொல்றது மட்டும் இல்ல, உன் மூக்கும் சொல்லிடுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு இன்னா பேசும்?"

சக்கரபாணி டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "எம் மூக்கா? அட போடா. குப்புனு ஏறிச்சு. அசல் சரக்குடா அது. இந்தா, கை இன்னும் நாறுது பாரு" என்று தன் கட்டைவிரலை அபிநந்தனின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

அபிநந்தன் மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பின்ன ஏன்டா இல்லன்னு சொன்ன?"

"அம்மாம் பேரு முன்னாடி உன்னை விட்டுக்குடுக்கச் சொல்றியா? நீ இல்லன்னா இல்லதான். அந்தப் பொண்ணு பேனா வித்தா இன்னா, விக்காட்டி இன்னா. எனக்கு நீதான்டா முக்கியம்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அபிநந்தன் டீக்கடை அடுப்பைப் பார்த்தார். பக்கத்துச் சட்டியில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட அள்ளித் தட்டில் போடுகிறார்கள். அதன் வாசனையும் வரவில்லை. போன மாதம் பால் அடிபிடித்து வீடே கருகல் நெடியாக இருக்கிறது என்று த்ரிசலா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவர் சமையலறை வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிளினிக்கில் கிராம்புத் தைலத்தில் நெடியே இல்லை, நீர்த்துப்போச்சு என்று கம்பெனியை மாற்றியதும் ஞாபகம் வந்தது.

மோப்பம் போகிறது. எழுத்து சிறுத்துப்போகிறது. நடக்கும்போது ஒரு கை வீச மறுக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு உண்டு. சளி, நிப்பு, தோள்பட்டை. மூன்றும் ஒரே ஆளுக்கு வந்தால் டாக்டருக்குப் படித்தவன் என்ன நினைப்பான்? பார்க்கின்சன் என்றுதான் நினைப்பான். வேறு யாராவது வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், உட்கார வைத்து, பதமாகப் பேசி, நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். தனக்கென்று வந்தபோது பேனா பேனாவாக வாங்கித் தள்ளியிருக்கிறார். ஐயோ என்று வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது.

"இன்னாடா ஆச்சு? சளி புடிச்சிருக்கா?"

"நாளைக்கு இனியா வாயில என் கை பிசகிடுச்சுன்னு வை. அப்ப இன்னா சொல்வ?"

"உன் கையா? பிசகுமா? போடா, போக்கத்தவனே."

"பிசகிட்டா?"

"நீ ஒண்ணு பண்ணா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்னு சொல்வேன். வேற இன்னா சொல்றது?"

சக்கரபாணி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அபிநந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. அசல் வாசனையை மோந்துவிட்டு இல்லை என்று சொன்ன இதே மனுஷர், நாளைக்கு மகளின் உதடு கோணிப் போனாலும் கோணவில்லை என்றுதான் சொல்வார். இனியாவும் அப்பா சொன்னால் நம்புவாள். தன்னைத் தடுக்கிறதற்கு இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

எழுந்து ரோட்டைக் கடந்து மண்டபத்துக்குள் போனார். சக்கரபாணி, "எங்கடா போற?" என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

தேவிப்ரியாவின் மேஜையில் ஒருவரும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள்கூட அவள் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். அவள் பேனாக்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பு என் மேலதான்" என்றார் அபிநந்தன். பிறகு திரும்பி, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பொண்ணு செஞ்சது அசல் எபோனைட். எனக்குத்தான் மோப்பம் போயிடுச்சு. அது தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

சக்கரபாணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டாக்டர், சும்மா இருங்க. எதுக்கு இதெல்லாம்?"

"இவருக்கு வாசனை வந்துச்சு. எனக்காகப் பொய் சொன்னாரு."

சக்கரபாணியின் கை சட்டையிலிருந்து நழுவியது. யாரோ ஒருவர் வந்து மேஜையிலிருந்த ஒரு பேனாவைத் தேய்த்து மோந்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

தேவிப்ரியா சிரிக்கவில்லை. பரவாயில்லை சார் என்றும் சொல்லவில்லை. "மூக்கு சரியில்லன்னா ஒரு வார்த்தை என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஊரே பாக்க என்னைத் திருடின்னு சொல்லிட்டீங்க. இப்ப ஊரே பாக்க இல்லங்கறீங்க. வந்தவங்க போயிட்டாங்களே சார்."

அபிநந்தன் அங்கேயே நின்று குழுவில் எழுதினார். கட்டைவிரல் மெதுவாகத்தான் நகர்ந்தது. 'கொஞ்ச நேரத்துக்கு முன் நான் போட்டது தவறு. பேனா அசல். கெட்டுப்போனது என் மூக்கு.' அதை அவளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுற்றிய பேனாக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்து வைத்தாள்.

வண்டி நிறுத்தியிருந்த வேப்பமரத்தடிக்கு வந்ததும் சக்கரபாணி வெடித்தார். "நாலு பேரு முன்னாடி என்னைப் பொய்யன் ஆக்கிட்டியேடா! உனக்கு இன்னா பைத்தியமா?"

அபிநந்தன் எல்லாவற்றையும் சொன்னார். எழுத்து, தோள், மூக்கு, அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர். பையில் திணித்த காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். சக்கரபாணி அதை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல இன்னாடா இருக்கு? நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொடியா இருக்கு, அவ்ளோதான்."

"சக்கரபாணி, மறுபடியும் பொய் சொல்ற."

"சொல்லாம?" அவர் குரல் உடைந்துவிட்டது. "நீ இல்லன்னு சொல்லு. நான் ஆமாங்கறேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும். இதுக்கு நான் எப்படிடா ஆமாங்கறது?"

"நாளைக்கு இனியாவக் கூட்டிட்டு வராத. நான் பண்ணல. வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. அங்க போங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீ பண்றேன்னு சொன்னதாலதான் அவ ஒத்துக்கிட்டா. தைரியம் இருந்தா நீயே சொல்லிக்க." சொல்லிவிட்டு மண்டபத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

அபிநந்தன் போனை எடுத்தார். ரெண்டு தடவை மணி அடிப்பதற்குள் இனியா எடுத்துவிட்டாள்.

"அங்கிள், நானே பண்ணணும்னு இருந்தேன். நாளைக்கு காலைல டிபன் சாப்பிடலாமா, கூடாதா?"

"இனியா, நாளைக்கு நான் பண்ணலம்மா." வேப்பமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "என் கை சரியில்ல. அந்தப் பல்லை எடுக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் அழுவாள், பிடிவாதம் பிடிப்பாள், அப்பாவிடம் போனைக் கொடு என்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கைக்கு இன்னா அங்கிள்?"

"இன்னும் தெரியல. வேலூர்ல காட்டணும்."

"வலிக்குதா?"

இருபத்தைந்து வருஷமாக அவர் பிறரைக் கேட்ட கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை. "இல்லம்மா" என்றார். "வலிச்சிருந்தா எப்பவோ போயிருப்பேன்."

"சரி. அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டில போலாம். நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க, அங்கிள். பயப்படாதீங்க."

சின்ன வயதில் நாற்காலியில் ஏற மாட்டேன் என்று அவர் கையைக் கடித்த பெண், இப்போது பயப்படாதீங்க என்கிறாள். சரிம்மா என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அழுகை வந்துவிட்டது. வேப்பமரத்தடியில், ஆட்டோக்காரர்கள் பார்க்கப் பார்க்க, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அபிநந்தன் விம்மி விம்மி அழுதார்.